பழுப்புச் சில்லு

வேலை விட்ட பிறகும் அமுதவள்ளி வீட்டுக்குக் கிளம்பவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பெனிக்குப் பின்னால் கழிவு கொட்டுகிற மேட்டில் குந்திச் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தாள். விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் கம்பெனிக்குக் கம்பெனி இப்படி ஒரு மேடு உண்டு. சூளையில் வெடித்தது, கோணிக்கொண்டது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது எல்லாம் வந்து விழுகிற இடம். பொம்மையின் கை கிடக்கும், டீக் கப்பின் காது கிடக்கும். மின்கம்பத்தில் மாட்டுகிற பழுப்பு இன்சுலேட்டர் மண்டை பிளந்து கிடக்கும். வீட்டு மெயின் போர்டில் செருகுகிற வெள்ளைப் பீஸ் கட்டைதான் எல்லாவற்றையும்விட அதிகம். அந்தக் கம்பெனியின் முக்கியச் சரக்கே அதுதான்.

சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவன், பாவாடை என்று பேர், தலைத்துண்டை உதறிக்கொண்டே மேட்டுப் பக்கம் வந்தான்.

"என்னா யக்கா, போன மாசம் பூரா வெள்ளையா பாத்துப் பாத்துப் பொறுக்கிட்டுப் போன. இன்னைக்கி பழுப்பா அள்ளுற? கண்ணு அவிஞ்சி போச்சா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. இது எனக்கு இல்லடா. எங்க மூத்தாருக்கு."

பாவாடை துண்டை உதறுவதை நிறுத்தினான். "யாருக்கு? சாமிதுரைக்கா? அந்தாளு வூட்டு மாடிக்கு நீ பதிச்சிக் குடுக்கப்போறியா?"

"ஆமா. கேட்டாங்க. பதிக்கிறேன்."

"பழுப்பு வெயில குடிக்குமே யக்கா. வெறுந்தளத்தவிட கொதிக்குமே. கத்திரி வந்துச்சின்னா கீழ சூளை வெச்ச மாதிரி இருக்குமே."

அமுதவள்ளி ஒரு பழுப்புச் சில்லை எடுத்து மண்ணைத் துடைத்துக் கூடையில் போட்டாள். கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"இருக்கட்டும்" என்றாள்.

அவளுடைய வீடும் சாமிதுரையின் வீடும் உண்மையில் ஒரே வீடு. மாமனார் கட்டிய தளம் போட்ட வீட்டை, அவர் போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் சாமிதுரை நெல் புரோக்கர். தம்பி நல்லமுத்து, அமுதவள்ளியின் புருஷன், பேட்டையில் மண் அரைக்கிற மில்லில் இருந்தவன். அந்தத் தூசு அவன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசி ஒரு வருஷம் மூச்சுக்கு மிஷின் வைத்து, மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தான். மிஷின் ஓடினால் அவனும் ஓடுவான்.

சுவர் வீட்டை இரண்டாகப் பிரித்தது. மீட்டர் மட்டும் ஒன்றாகவே இருந்தது, அண்ணன் பக்கத்தில், அண்ணன் பேரில். மிஷின் ஓடியதில் பில் ஏறியது. சாமிதுரை தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசினான். பேச்சு தடித்தது. ஒருநாள் உச்சிவெயிலில் தம்பி பக்கத்துப் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வந்து பேசிக்கிறேன்" என்று சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிவிட்டான். போன் போட்டால் எடுக்கவில்லை.

கம்பெனியில், மினுமினுப்புக்குப் பூசுகிற கிளேஸ் தொட்டிக்குள் பீஸ் கட்டைகளை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்த அமுதவள்ளியிடம், மிஷின் நின்றுபோயிற்று என்று மகள் தமிழினி போனில் அழுதாள். அவள் ஓடினாள். பின்னாலேயே பாவாடை ஒரு கை நிறையப் புதுப் பீஸ் கட்டைகளோடு ஓடிவந்தான். அந்தப் போர்டு மாமனார் காலத்துப் பழைய போர்டு. புதுக் கட்டை ஒன்றுகூட அதில் பொருந்தவில்லை. ஊர் ஊருக்குப் பீஸ் கட்டை அனுப்புகிற பேட்டையில், ஒரு மூச்சுக்கு வேண்டிய ஒரு கட்டை கிடைக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிவதற்குள் நல்லமுத்து போய்விட்டான்.

கருமாதி முடிந்த கையோடு அமுதவள்ளி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள். அந்தப் பக்கத்தில் போலீசுக்குப் போக முடியாத வழக்குகள் அந்தச் சாமியிடம்தான் போகும். குறையைத் தாளில் எழுதி, சாமி முன் வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். நியாயம் கிடைத்ததும் திரும்பப் போய் "ராஜினாமா" கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். அமுதவள்ளி எழுதியது ஒரே வரி. 'என் புருஷன் மூச்சுக்குத் திணறின மாதிரி சாமிதுரையும் திணற வேண்டும்.'

இரண்டு கத்திரி போயிற்று. சாமிதுரைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அவள் அலைந்து தன் பேரில் தனி மீட்டர் வாங்கிக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான், தை மாதம், கரண்ட்டு ஆபீஸிலிருந்து கோகுலகிருஷ்ணன் என்ற என்ஜினீயர் தெருவுக்கு வந்து கூட்டம் போட்டுச் சொன்னார். பழைய வீட்டையே கரண்ட்டு குறைவாகத் தின்கிற வீடாக மாற்றினால், ஆன செலவில் ஒரு பங்கை ஆபீஸே பில்லில் கழித்துக் கொடுக்கும். பழைய ஃபேனை மாற்ற வேண்டும். மொட்டை மாடியில் வெள்ளை ஓடோ வெள்ளைப் பூச்சோ போட வேண்டும்.

"தளம் சூடாவலன்னா ஃபேனு வேகமா சுத்த வேணாம், கூலர் வேணாம். நீங்க மிச்சம் புடிக்கிற கரண்ட்டு, எங்களுக்குப் புதுசா உற்பத்தி பண்ண மாதிரிங்க. அதுக்குத்தான் இந்தச் சலுகை. கத்திரியில வந்து மிஷின் வெச்சி சூடு பாப்பேன். கொறஞ்சிருந்தா கழிவு உண்டு."

"சார், பீங்கான் ஒடசல் பதிச்சா ஒத்துக்குவீங்களா?" என்று அமுதவள்ளி கேட்டாள்.

"வெள்ளையா இருந்தா தாராளமா பதிங்கம்மா. உங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

அன்றைக்கும் சாமிதுரை சேத்தியாத்தோப்பில், மகள் வீட்டில் இருந்தான், இந்த முறை பெண்டாட்டியோடு. வெள்ளை என்ற பேச்சு அவர்கள் காதில் விழவில்லை.

அமுதவள்ளி தன் பக்கத்து மாடியைத் தானே பதித்தாள். பொம்மைச் சில்லும் கப்புச் சில்லும்தான். மேட்டில் அள்ள அள்ளக் கிடக்கிற பீஸ் கட்டைச் சில்லை அவள் தொடவில்லை. பகலெல்லாம் கூலிக்காக அதைத் தொடுவது போதும். தலைக்கு மேலேயும் அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். பங்குனியிலேயே வீட்டுக்குள் வித்தியாசம் தெரிந்தது.

சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஓரகத்தி கமலம், சாமிதுரையின் பெண்டாட்டி.

"அமுதா, எங்க பக்கமும் பதிச்சிக் குடுறீ. அந்தக் கழிவு எங்களுக்கும் வருமாமே. இவருக்கு ஒங்கிட்ட கேக்க மொகம் இல்ல. அதான் நான் கேக்குறேன்."

அமுதவள்ளி கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குள் எல்லாம் வடிவாக வந்து உட்கார்ந்துவிட்டது.

"அதுக்கென்னக்கா, பதிச்சிட்டாப் போச்சி. வெள்ளைதான் தீந்துபோச்சி. பழுப்பு கெடக்குது. பரவால்லியா?"

சாமிதுரை மாடிக்கு வந்து பார்த்தான். பழுப்புச் சில்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நெல்லைத் தவிர வேறெதுவும் தெரியாதவன். ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டான்.

"கலரு என்னா இருந்தா என்னாம்மா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "சூளையில வெந்து வந்த பொருளு. அந்த நெருப்பையே தாங்குனது. இந்த வெயிலு அத என்னா பண்ணிடப்போவுது?"

பேட்டையைச் சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. சூளைக்குள் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும், வெந்த பொருளுக்கு வெயில் ஒன்றும் செய்யாது, அதற்குக் கீழே படுக்கிற ஆளுக்குத்தான் செய்யும் என்று.

"சரியா சொன்னீங்க மாமா" என்றாள் அமுதவள்ளி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதித்தாள். கலவையைத் தடவி, சில்லின் பளபளப்புப் பக்கம் மேலே வரும்படி, இடைவெளி இல்லாமல், நகை பதிக்கிற மாதிரி பதித்தாள். அவள் கை வேலையில் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறும்போது கமலம் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோர். "குடிறீ, மொகம் கருத்துப்போச்சி பாரு" என்று வைத்துவிட்டு இறங்கினாள். அமுதவள்ளி அந்த மோரைக் கலவையில் ஊற்றிக் குழைத்தாள். அந்த வீட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது.

தமிழினிக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"யம்மா, பெரிப்பாவுக்குத்தான் பண்ற, சரி. பெரிம்மாவும் அந்தத் தளத்துக்குக் கீழதான இருக்குறாங்க?"

"வூடு அவன் பேருல இருக்குது."

"அப்பாவுக்கு கரண்ட்டு போன அன்னிக்கி, ஆட்டோவுல ஏத்துற வரைக்கும் மொறத்தால விசிறிக்கிட்டே இருந்தது யாரு? கேட்டுல ரயிலு போவுற வரைக்கும் விசிறுனது யாரு? பெரிம்மாதான?"

"போயி துணிய எடுத்து மடி" என்றாள் அமுதவள்ளி.

சித்திரை பிறந்தது. கத்திரி தொடங்கியது. ரயில் நிலையத்துப் பக்கமிருந்து வருகிற காற்றுகூட அனலாக இருந்தது. அமுதவள்ளி தன் வீட்டில் சிமெண்டுத் தரையில் தலையணை போட்டுப் படுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்தாள். சாமிதுரை வீட்டு ஃபேன் மூச்சிரைத்தது. அவன் இருமினான். "ஒரே பொசுக்கமா இருக்குதே, என்னா எழவு இது" என்று புலம்பினான். கட்டிலைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டான். அவனுடைய ஒவ்வொரு "உஸ்ஸு"ம் அவளுக்குப் பாயசமாக இனித்தது. கொளஞ்சியப்பர் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தாள்.

இடையில் ஒருநாள் கம்பெனியில் பாவாடை சொன்னான். "யக்கா, ஒங்க ஓரகத்தி வுழுந்துட்டாங்களாம். இடுப்பு எலும்பு போச்சாம். பெரியாஸ்பத்திரியில வெச்சிருந்து, சேத்தியாத்தோப்புக்கு மவ வூட்டுக்கு இட்டுக்கிட்டுப் போறாங்களாம்."

கிளேஸ் தொட்டியில் அவள் கை நின்றது. பிறகு, "மாடிப்படியில பாத்து எறங்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டையை முக்கி, அடியில் ஒட்டின கிளேஸை ஈரப் பஞ்சால் துடைத்தாள். துடைக்காவிட்டால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு அவள் துடைத்ததில் நிறைய ஒட்டிக்கொண்டது என்று மறுநாள் சூப்பர்வைசர் சத்தம் போட்டார்.

கத்திரியின் நடுவில், மதியம், கோகுலகிருஷ்ணன் சூடு பார்க்கிற மிஷினோடு வந்தார். கைத்துப்பாக்கி மாதிரி இருந்தது. அமுதவள்ளி வீட்டுத் தளத்தைப் பார்த்துப் பிடித்தார். "அருமைம்மா, தெருவுலயே உங்க வூடுதான் நல்லா குளுந்திருக்குது. கழிவு வந்துடும்" என்றார். "பக்கத்து வூட்டுக்கும் மனு இருக்குதே. அதையும் பாத்துடலாம். யாரு பதிச்சாங்க?"

"நான்தாங்க சார்" என்று அவள் கூடவே போனாள். அந்த வாசற்படியை அவள் மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது.

சாமிதுரை மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். என்ஜினீயர் முன்னறைத் தளத்தைப் பார்த்து மிஷினைப் பிடித்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி பிடித்தார். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"என்னாங்க ஐயா இது? பழுப்பு பதிச்சிருக்குறீங்க? வெயில அப்படியே உள்ள இழுக்குதே. ஒண்ணுமே பதிக்காம வுட்டிருந்தாகூட இதவிட நல்லா இருந்திருக்கும். இதுக்கு கழிவு கெடைக்காதுங்க."

சாமிதுரை அமுதவள்ளியைப் பார்த்தான். அவனுக்கு மெல்ல மெல்லப் புரிவது அவன் முகத்தில் தெரிந்தது. இந்த முகத்துக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். சொல்ல வேண்டியதைப் பல நாளாக மனசுக்குள் தீட்டி வைத்திருந்தாள்.

"சூளையில வெந்ததாச்சே மாமா. வெயிலு என்னா பண்ணும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள். "மூச்சு முட்டுதா? காத்து வரலியா? பீஸப் புடுங்குன வூட்டுல ஒரு மனுசன்..."

"யாரு, அமுதாவா?" என்று நடு அறையிலிருந்து குரல் கேட்டது. தேய்ந்த, உலர்ந்த குரல். "வெளியவே ஏண்டி நிக்கிற? உள்ள வா."

அமுதவள்ளி குரல் வந்த பக்கம் திரும்பினாள். "அக்கா சேத்தியாத்தோப்புல இல்ல?"

"மவ வூட்டுல எடமில்ல. நேத்துதான் இட்டாந்தேன்" என்றான் சாமிதுரை. "மரத்தடிக்கு கட்டில மாத்தலாம்னா அசைக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

அவள் உள்ளே போனாள். அந்த அறைக்குள் கால் வைத்ததும் சூளைக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கமலம் மல்லாந்து கிடந்தாள். கழுத்திலும் தோளிலும் வேர்க்குரு சிவந்து கொப்பளித்திருந்தது. உதடு வெடித்திருந்தது. மார்பின் மேல் முறம் ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுதான் தனக்குத் தானே விசிறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எப்படிக்கா வுழுந்தீங்க? படியிலயா?"

"படியில இல்லடி. தளம் கொதிக்குதேன்னு தண்ணி ஊத்தப் போனேன். ஒஞ் சில்லு ஈரம் பட்டதும் எண்ண தடவுன மாதிரி ஆயிடிச்சி. வழுக்கிட்டேன்." கமலம் சிரித்தாள். "ஒக்காரு. அவரத் திட்டிக்கிட்டிருந்தியே, கேட்டேன். அவரத் திட்டாத. இது சாமி குடுத்தது."

"என்னாக்கா சொல்றீங்க?"

"நானும் பிராது கட்டுனேன்டி. நீ கட்டிட்டு வந்த மறுவாரமே போயி அதே வேலுல கட்டுனேன். ஒன்னுது தொங்குறத பாத்தேன். இவரு செஞ்சது பாவம். இல்லங்கல. ஆனா இவரு தாங்கமாட்டாரு. அதனால, தண்டனைய எனக்குக் குடு சாமின்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டு வருசமா ஒண்ணுமே நடக்கல. சாமி கேக்கலியேன்னு பயந்து கெடந்தேன். இப்பத்தான் குடுத்திருக்குறாரு. இந்தச் சூடு, இந்த இடுப்பு எல்லாம் அதுதான். எழுந்து நடக்க முடிஞ்சதும் போயி ராஜினாமா குடுத்துட்டு வரணும்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நீயும் கூட வா. ஒன்னுதையும் முடிச்சிடலாம்."

அமுதவள்ளி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இவ்வளவு நிம்மதியாகத் தண்டனையை வாங்கிக்கொள்கிற முகத்தை அவள் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருந்தால், எல்லாம் சாமி கணக்கிலேயே போயிருக்கும்.

"சாமி இல்லக்கா" என்றாள். "நான்தான். பழுப்பு கொதிக்கும்னு தெரிஞ்சேதான் பதிச்சேன். வெள்ளை மேட்டுல மலையா கெடக்குது. தீந்துபோச்சின்னு பொய் சொன்னேன்."

கமலம் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்போ, சாமி இன்னும் எனக்குத் தீர்ப்பு சொல்லலியாடி?"

அமுதவள்ளி எழுந்தாள். கமலத்தின் மார்பின் மேல் கிடந்த முறத்தை எடுத்தாள். விசிறத் தொடங்கினாள்.

வாசற்படியில் சாமிதுரை நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். "அடிப்பாவி" என்றான்.

"ஆமா மாமா" என்றாள் அவள், விசிறுவதை நிறுத்தாமல். "நீங்களும் நானும்."

என்ஜினீயர் செருப்பு மாட்டிக்கொண்டே தயங்கி நின்றார். "பேத்துட்டு வெள்ளை பதிங்க. எப்ப முடிச்சாலும் சொல்லுங்க, நானே திரும்ப வந்து பாக்குறேன். அது வரைக்கும் மனுவ தள்ளுபடி பண்ணாம வெச்சிருக்குறேன்" என்றார். வண்டியிலிருந்த தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்து, கமலத்தின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அமுதவள்ளி கம்பெனிக்கு லீவு சொன்னாள். உளி, சுத்தியல், இரண்டு கூடை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். தமிழினி கீழே பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆளு வெச்சிப் பேத்துடலாம்மா" என்றான் சாமிதுரை.

"ஆளு வேணாம். நான் பேக்குறேன். நீங்க தூக்குங்க."

அவன் தூக்கினான். சும்மாட்டை எப்படிச் சுற்றுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறியது. பழுப்புச் சில்லு ஒவ்வொன்றாகப் பெயர்ந்து கூடை நிறைந்தது. அவன் படி இறங்கினான், ஏறினான். மூச்சிரைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். அவள் பார்த்தாள். பார்க்கட்டும் என்றுதான் அவனும் நின்றான் போலிருக்கிறது. அவள் உளியைக் கீழே வைக்கவில்லை.

மதியம் பாவாடை மீன்பாடி வண்டியில் வெள்ளைச் சில்லு கொண்டுவந்து வாசலில் கொட்டினான். பொம்மையும் கப்பும் இல்லை. மேட்டில் மிஞ்சிக் கிடந்த வெள்ளை ஒரே வகைதான். எல்லாம் உடைந்த பீஸ் கட்டை.

"இதுதான் யக்கா இருக்குது. வேணாம்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுறேன்."

அமுதவள்ளி குவியலைப் பார்த்தாள். "வேணும்" என்றாள்.

சாமிதுரை முதல் கூடையைச் சுமந்துகொண்டு மேலே வந்தான். இறக்கி வைக்கும்போது ஒரு கட்டை உருண்டு அவன் காலடியில் விழுந்தது. உடையாத கட்டை, கிளேஸ் மட்டும் சுருண்டிருந்தது. அவன் குனிந்து எடுத்தான். அன்றைக்குப் போன மாதிரியே கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. பையருகே போனதும் நெருப்பைத் தொட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

"இங்க குடுங்க" என்றாள் அவள். சுத்தியலால் தட்டி உடைத்தாள். கமலத்தின் கட்டில் எந்த இடத்துக்குக் கீழே வரும் என்று மனசுக்குள் அளந்து, தலைமாட்டுப் பக்கம் முதல் சில்லைப் பதித்தாள். கூர்முனை மேலே தெரியாமல், ஈரம் பட்டாலும் கால் வழுக்காதபடி இடைவெளி விட்டு, கட்டிலின் அளவுக்கு வெள்ளையாகப் பதித்துக்கொண்டே போனாள்.

வெயில் சாயும் நேரத்தில் கீழேயிருந்து ஜன்னல் வழியே குரல் வந்தது.

"அமுதா... தலமாட்டுல சூடு கொஞ்சம் எறங்குன மாதிரி இருக்குதுடி."

அமுதவள்ளி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தமிழினி கொண்டுவந்து வைத்த மோர்ச் சொம்பு பக்கத்தில் இருந்தது. கமலம் படுத்தபடியே சொல்லிச் சொல்லிக் கலக்க வைத்த மோர். எடுத்துக் குடித்தாள்.

சாமிதுரை சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தோள்பட்டை சிராய்த்திருந்தது. தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"ஒம் பிராத... ராஜினாமா குடுத்துடுவியாம்மா?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். பழுப்பாகவே கிடந்த மீதித் தளத்தைப் பார்த்தாள்.

"தளம் இன்னும் பாதிகூட முடியல மாமா" என்றாள். "கூடைய எடுங்க."